ஆய்வைத் தவமாக்கியவர்கள்

பிஎச்.டி. பதிவு எண் கைக்கு வந்த அன்றே கூடவே ஓர் அறிவுரையும் வந்துவிடுகிறது: ஆய்வு ஒரு தவம், மற்றதெல்லாம் அப்புறம். நெறியாளர் சொல்கிறார், துறையின் சீனியர்கள் சொல்கிறார்கள், ‘இன்னுமா முடிக்கல?’ என்று கேட்பதற்கென்றே கல்யாண வீடுகளுக்கு வரும் உறவினர்களும் சொல்கிறார்கள். பொங்கலுக்கு ஊர், வெள்ளிக்கிழமைத் தொழுகை, ஞாயிறு திருப்பலி, பழனிப் பாதயாத்திரை, மாலையில் வாலிபால், ஒரு படம், ஒரு நாவல், காரணமில்லாமல் கடற்கரையில் உட்கார்ந்திருப்பது என எல்லாமே சினாப்சிஸ் கொடுத்த பிறகு, ஆய்வேடு ஒப்படைத்த பிறகு, வைவா முடிந்த பிறகு, வேலை கிடைத்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போகின்றன. இந்த அறிவுரையை யாரும் வாதிட்டு நிறுவியதில்லை. அது காற்றில் இருக்கிறது. கேள்வி கேட்பவர்தான் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறார். இதை எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் இரக்கத்தின் பெயரால்தான் எதிர்க்கிறார்கள்: பாவம், பிள்ளைகள் வாடிப்போகிறார்கள், கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்று. எனக்கு அந்த இரக்கம் போதாது. பக்தியையும் விளையாட்டையும் தனிமைச் சிந்தனையையும் பறித்துக்கொண்டு நடத்தும் ஆய்வு, ஆய்வாகவே தரம் குறைந்துபோகிறது என்பது என் வாதம்.

தவம் என்ற சொல்லை மரபிலிருந்து எடுத்தவர்கள் அந்த மரபின் கால அட்டவணையைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வேதம் ஓதிய குருகுலங்களில் அநத்தியயனம் என்றே நாட்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி, சதுர்த்தசி முதலான நாட்களில் பாடம் ஓதக் கூடாது என்று தரும சாத்திரங்கள் விதித்தன. இடி இடித்தால்கூடப் பாடத்தை நிறுத்தச் சொன்னார்கள். பிரம்படிக்குப் பெயர்போன நம் திண்ணைப் பள்ளிகளும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கதவைச் சாத்தின. இன்றும் சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்து, விஜயதசமி வரை தொடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். கல்விக்கான தெய்வத்தின் நாளில் கல்விக்கு விடுப்பு. யூதர்களின் ஓய்வுநாளும் கிறித்தவர்களின் ஞாயிறும் இதே வகை. இதெல்லாம் திதி பார்க்கும் பழக்கம், இதில் என்ன அறிவு இருக்கிறது என்று கேட்கலாம். அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணங்களை நான் ஏற்கவேண்டியதில்லை. அவை என்ன செய்தன என்பதே எனக்கு முக்கியம். அந்த விடுப்பு ஆசிரியரின் மனம் குளிர்ந்து கொடுத்ததன்று. பாடம் முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாணவன் தகுதியானவனா என்றும் பார்க்கவில்லை. நிலவு தேய்ந்தது, பள்ளி மூடியது. நம் ஆய்வு மாணவருக்கு இல்லாதது அதுதான். அவருக்கு ஓய்வு என்பது எப்போதும் ஒரு சலுகை. கேட்டு வாங்க வேண்டும், குற்ற உணர்ச்சியோடு அனுபவிக்க வேண்டும், திரும்பி வந்து ஒரு சாப்டரைக் காட்டி ஈடு செய்ய வேண்டும்.

அதிக நேரம் உட்கார்ந்தால் அதிக வேலை நடக்கும் என்ற நம்பிக்கை இந்தக் கருத்தின் அடித்தளம். அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடின. போர் நடக்கும்போது ஓய்வா என்ற கேள்விக்கு முன்னால் யார் வாய்திறப்பார்கள்? ஆனால் அந்தத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய 1915இல் அரசு அமைத்த குழு, தன் முதல் அறிக்கையையே ஞாயிறு வேலையைப் பற்றித்தான் எழுதியது. அதை நிறுத்துவதே நல்லது என்ற பக்கம் நின்றது. அந்தக் குழு சேகரித்த புள்ளிவிவரங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் 2014இல் மீண்டும் கணக்கிட்டார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை உழைப்புக்கு ஏற்ப உற்பத்தி கூடியது. அதற்கு மேல் கூடுதல் மணிகளின் பலன் தேய்ந்தது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் 56 மணி நேரம் உழைத்தவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகச் செய்துவிடவில்லை. உயிர் போகும் அவசரத்தில் இருந்த ஒரு நாடே கடைசிப் பதினான்கு மணிகளிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் பெறவில்லை. சங்க இலக்கியத்தில் உவமை பற்றியோ தைராய்டு சுரப்பி பற்றியோ எழுதப்படும் ஆய்வேட்டுக்கு அதைவிடப் பெரிய அவசரம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

குண்டு செய்வதும் சிந்திப்பதும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்ல, சிந்தனைக்கு இந்த எல்லை இன்னும் முன்னாலேயே வந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் கணித மேதை ஜி. எச். ஹார்டி காலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் படைப்புவேலை செய்ய இயலாது என்று கருதியவர். கோடைக்காலப் பிற்பகல்கள் அவருக்குக் கிரிக்கெட்டுக்கானவை. பிரெஞ்சுக் கணிதர் அன்ரி புவான்கரே, கணிதத்தில் புதியது எப்படித் தோன்றுகிறது என்று தன் அனுபவத்தையே 1908இல் ஆராய்ந்து எழுதினார். பல நாட்கள் முட்டிமோதிய ஓர் ஆய்வில் அடுத்த பெரிய திறப்பு, கணிதத்தையே மறந்து ஒரு நிலவியல் சுற்றுலாவுக்குப் போனபோது, கூத்தான்ஸ் நகரில் வண்டிப் படியில் கால்வைத்த கணத்தில் தோன்றியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கடுமையான உழைப்பு இருந்திருக்க வேண்டும், பின்னாலும் சரிபார்க்கும் உழைப்பு வேண்டும் என்று புவான்கரே அழுத்திச் சொல்கிறார். சும்மா ஊர் சுற்றுபவருக்கு எந்த வண்டிப் படியிலும் எதுவும் தோன்றாது. உழைப்பு வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உறவில்லை. ஆனால் உழைப்பின் ஒரு பகுதி மேசையை விட்டு எழுந்த பிறகு நடக்கிறது. எழவே விடாதவர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

மணிக்கணக்கு இந்த வாதத்தின் எளிய பகுதிதான். பக்தி, விளையாட்டு, தன்னைத்தானே எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றை வெறும் ஓய்வு என்று நினைத்தால் தூக்கமே போதும் என்று முடித்துவிடலாம். அவை தூக்கம் தராத ஒன்றைத் தருகின்றன: ஆய்வேட்டுக்கு வெளியே நிற்க ஓர் இடம். ஹார்டியும் இராமானுஜனும் இதற்கு நல்ல சோடி. ஒருவர் கடவுளைத் தன் எதிரி என்றே வேடிக்கையாகக் கருதிய நாத்திகர். மற்றவர் நாமக்கல் நாமகிரித் தாயாரின் குடும்ப பக்தியில் வளர்ந்தவர். இராமானுஜனின் பக்தி எவ்வளவு ஆழமானது என்பதில் ஹார்டிக்கு ஐயம் இருந்தது. அவருடைய இந்திய நண்பர்களுக்கு இல்லை. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. எண்களின் பிரிவினைகள் (partitions) பற்றி 1918இல் கட்டுரையைச் சேர்ந்து வெளியிட்ட இருவரில் ஒருவருக்கு லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம் இருந்தது, மற்றவருக்கு நாமகிரி இருந்தாள். இரண்டும் கணிதத்தால் அளக்க முடியாத இடங்கள். அன்றைய தேற்றம் பிழையாகிப்போனாலும் ஒருவர் ஆட்ட எண்ணிக்கையைக் கேட்கலாம், மற்றவர் கைகூப்பலாம். இருவரும் அதே ஆளாகத்தான் மறுநாள் மேசைக்குத் திரும்புவார்கள்.

இது ஏன் ஆய்வுக்கு முக்கியம்? ஆய்வின் மிகக் கடினமான செயல் எழுதுவதன்று, எழுதியதைக் கைவிடுவது. மூன்று ஆண்டு நம்பிய கருதுகோள் தரவுகளால் பொய்த்துவிட்டது என்று ஒப்புக்கொள்வது, பிடித்த சாப்டரைத் தூக்கிப்போடுவது, நெறியாளரின் முன்னால் நின்று ‘சார், இது வரல’ என்று சொல்வது. இதைச் செய்ய ஒருவருக்கு, ஆய்வேடு வேறு தான் வேறு என்ற தெளிவு வேண்டும். எல்லாவற்றையும் துறந்து ஆய்வேடு ஒன்றையே பற்றிக்கொண்டவருக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வரும்? அவருடைய அத்தியாயம் தோற்றால் அவரே தோற்கிறார். அந்த நிலையில் இருப்பவர் தரவைக் கொஞ்சம் நெருக்குவார், பொருந்தாத மேற்கோளை விட்டுவிடுவார், பலவீனமான முடிவைப் பலமான சொற்களால் போர்த்துவார். கெட்ட எண்ணத்தால் அன்று, வேறு தரையில்லாததால். களவு எழுத்தைக் கண்டுபிடிக்க மென்பொருள் வாங்கி வைத்திருக்கிறோம். அதை நோக்கித் தள்ளும் தனிமையை நாமே புனிதமாக்கியும் வைத்திருக்கிறோம்.

இதற்கு எதிராக இரண்டு பெரிய பெயர்களை எடுத்து வைப்பார்கள். முதலாவது ஆண்ட்ரு வைல்ஸ். ஏழு ஆண்டு பெரும்பாலும் ரகசியமாக மாடியறையில் அடைந்துகிடந்து ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை முடித்தவர். அது தவம் இல்லையா? ஆனால் அந்த ஆண்டுகளைப் பற்றி அவரே சொன்னவற்றில் பிள்ளைகளோடு கழித்த நேரமும், சிக்கிக்கொண்டால் ஏரிக்கரைக்கு நடந்துபோனதும் திரும்பத் திரும்ப வருகின்றன. மாடியறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏரியை விட்டுவிட்டார்கள். இரண்டாவது பெயர் நமக்கு நெருக்கமானது, அதனால் வலுவானது: உ. வே. சாமிநாதையர். இசைக் குடும்பத்தில் பிறந்த அவர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்கத் தொடங்கியபோது, ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. இசையில் மனம் போனால் இலக்கணத்திலும் இலக்கியத்திலும் ஓடாது என்பது அவர் கருத்து. மாணவர் பாட்டை விட்டார். தமிழில் ஒரு கைடு இட்ட மிகப் புகழ்பெற்ற தடை இதுவாகத்தான் இருக்கும். அதன் பலனாகத்தானே நமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன என்று கேட்கலாம். நான் வேறொன்றைக் காண்கிறேன். 1892இல் அவர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் திறந்து பாருங்கள்: பண், யாழ், குழல், தாளம் என்று பக்கம் பக்கமாக இசை. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகிய இசைவாணர்களைப் பற்றி விரிவாக எழுதியதும் அவரேதான். ஆசிரியர் வெளியே நிறுத்திய இசை, பின்வாசல் வழியாக ஆய்வுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இசைப் பாடம் நின்றதில் ஏடுகள் சம்பாதித்தது என்ன, இழந்தது என்ன என்று கணக்குப் பார்த்தால் பிள்ளையவர்களின் பக்கம் அவ்வளவு எளிதாக வெல்லாது. இயற்பியலாளர் சி. வி. இராமனின் பாதை இதற்கு நேரெதிர். கச்சேரி மேடையின் மிருதங்கத்தை அவர் பின்வாசலில் நிறுத்தவேயில்லை. அதன் ஓசை ஏன் மற்றத் தோற்கருவிகளைப் போலன்றிச் சுரத்தோடு ஒலிக்கிறது என்று கேட்டு 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

சைவ, வைணவ, இசுலாமிய, கிறித்தவப் பழக்கங்கள் ஆய்வாளரின் நடுநிலையைக் கெடுக்காதா என்ற ஐயமும் உண்டு. இதற்கும் சாமிநாதையரே பதில். திருநீறு பூசிய அவர் சீவகசிந்தாமணி என்னும் சமண காவியத்தைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்தில் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுக் கேட்டுக் கற்றார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. தன் நம்பிக்கை எது என்று தெளிவாக அறிந்தவரால்தான் மற்றவர் நம்பிக்கையை அதன் சொந்த வீட்டில் போய்க் கேட்க முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கையில்லாதவருக்கு இந்த வாதத்தில் இடம் குறைவும் இல்லை. பெரியார் வாசகர் வட்டமோ, மாலை நேரச் சதுரங்கமோ, படுக்கும் முன் எழுதும் நாட்குறிப்போ அந்த வேலையைச் செய்யும். அந்த இடத்தில் ஆய்வேடு நுழையக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இதுவரை சொன்னவை எண்ணங்கள் என்றால், கணக்கெடுப்புகளும் இருக்கின்றன. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனநலக் கோளாறுக்கு ஆளாகும் ஆபத்தில் இருந்தார். 26 நாடுகளில் 2,279 பேரிடம் கேட்டு 2018இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ வெளியிட்ட கணக்கில் 39 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு தெரிந்தது. இரண்டாவது கணக்கில், தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களே இடம்பெற்றதால் எண் சற்று உயர்ந்திருக்கலாம். அதைக் கழித்தாலும் சிரித்துத் தள்ளக்கூடிய எண் அன்று. ஃபிளாண்டர்ஸ் ஆய்வில் என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு செய்தியும் இருக்கிறது: வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதல்தான் மன அழுத்தத்தோடு வலுவாகத் தொடர்புற்றிருந்த காரணங்களில் ஒன்று. அப்படியானால் குடும்பத்தையும் பண்டிகையையும் ஒதுக்குவதுதானே மருந்து என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

கேள்வி சரி, மருந்து தவறு. மோதல் வருவது இரண்டு இருப்பதால் அன்று, ஒன்றின் நேரத்தில் மற்றது உள்ளே வருவதால். பொங்கல் பானை பொங்கும்போது வாட்ஸ்ஆப்பில் நெறியாளரின் ‘டேபிள் 4.2 சரியில்லை’ வந்தால் அங்கே பொங்கலும் இல்லை, அட்டவணையும் இல்லை. இதில் ஆண்களைவிடப் பெண்களின் நிலைதான் உண்மையைக் காட்டுகிறது. கணவரின் பிஎச்.டி. வீட்டாருக்குத் தவம், அறைக் கதவு மூடியிருந்தால் டீ உள்ளே போகும். மனைவியின் பிஎச்.டி., இட்லி மாவு அரைத்து முடித்த பிறகு மிஞ்சும் நேரம். அவருக்குத் தீபாவளி என்றால் எண்ணெய்ச் சட்டி, கொலு என்றால் ஒன்பது நாள் சுண்டலும் வந்தவர்களுக்கு வெற்றிலைப் பாக்கும். பண்டிகைக்குப் போய் வா, மனம் லேசாகும் என்று திருமணமான ஆய்வு மாணவியிடம் சொல்வது கிட்டத்தட்டக் கேலி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் பெண்களுக்கு உச்ச வரம்பான ஆறு ஆண்டுக்கு மேல் இரண்டு ஆண்டு கூடுதலாகத் தருகின்றன; மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை அனுமதிக்கின்றன. நல்லதுதான். ஆனால் கூடுதல் ஆண்டுகள் என்பது கூடுதல் ஓய்வு ஆகாது. பண்டிகையை வீட்டின் ஆண்களும் சமைத்தால்தான் அது அவருக்கும் பண்டிகை.

பணத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 தொடக்கத்திலிருந்து அது மாதம் 37,000 ரூபாயில் தொடங்குகிறது. அதுவும் ஐந்து ஆண்டுக்குத்தான், பதிவோ ஆறு ஆண்டு வரை நீளும். நெட் தேர்வுவழி உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு மாதம் 8,000. 2015இல் அதையும் நிறுத்த முடிவெடுத்தபோது மாணவர்கள் டெல்லியில் மானியக் குழு அலுவலகத்தின் முன்னால் அமர்ந்து போராடினார்கள். கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் காலமே காசு. அவரிடம் போய் வாலிபால் ஆடு என்பதா? காசில்லாக் கவலையை வாலிபால் தீர்க்காது. 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்தபோது விட்டுச்சென்ற கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை வராமல் நிற்பதைக் குறிப்பிட்டிருந்தார். அத்தகைய இடத்தில் சமநிலை பற்றிப் பேசுவது அநாகரிகம். அங்கே வேண்டியது பணமும் நீதியும். ஆனால் காலம் காசு என்பவர்கள் காலம் எங்கே கரைகிறது என்றும் பார்க்கட்டும். கொடுத்த சாப்டர் நெறியாளரின் மேசையில் தூங்கும் மாதங்கள், கையெழுத்துக்காக அலுவலகத்தில் நிற்கும் வாரங்கள், தேர்வாளரின் அறிக்கைக்குக் காத்திருக்கும் காலம் இவையெல்லாம் மாணவரின் ஞாயிறுகளைவிட நீளமானவை. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுதும் முடிய வேண்டும் என்பது மானியக் குழுவின் விதியே. அந்தப் பக்கம் கண்டிப்பைக் காட்டாமல் மாணவரின் மார்கழி விடியலில் போய் மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனம்?

இன்னொரு தரப்பும் உண்டு. என் பக்கம் நிற்பதுபோலத் தெரிவதால் அவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு, காலை யோகா, பத்து நிமிடத் தியானம், நன்றியுணர்வு நாட்குறிப்பு என்று கல்வி நிறுவனங்கள் இப்போது நிறையச் செய்கின்றன. நோக்கம் வெளிப்படை: தளர்ந்த ஆளைச் சரிசெய்து மீண்டும் மேசைக்கு அனுப்புவது. இது பழைய தவக் கோட்பாட்டின் மிருதுவான வடிவம். பிரார்த்தனைக்கும் ஒரு பயன்மதிப்பு, விளையாட்டுக்கும் ஓர் இலக்கு. நீயும் ஓய்வு ஆய்வை உயர்த்தும் என்றுதானே இவ்வளவு நேரம் வாதிட்டாய் என்று என்னைக் கேட்கலாம். ஆமாம், உயர்த்தும் என்றுதான் சொன்னேன். உயர்த்துவதற்காகப் போ என்று சொல்லவில்லை. நான்காம் சாப்டர் ஓட வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நடப்பவர் நான்காம் சாப்டரையும் தோளில் சுமந்தே நடக்கிறார். பலனைக் கேட்காமல் போகும்போதுதான் அந்த வெளி இடம் வெளி இடமாக இருக்கிறது. ஆகவே பயிலரங்குகளை மூடிவிட்டு ஞாயிறுகளைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அதற்குச் செலவும் இல்லை, சான்றிதழும் வேண்டாம்.

கடைசியாக எஞ்சுவது பேராசிரியர்களின் வாதம்: நாங்கள் இப்படித்தான் முடித்தோம். உண்மைதான். முடித்தவர்கள் மட்டும்தான் துறை அறையில் உட்கார்ந்து இதைச் சொல்ல இருக்கிறார்கள். அதே தவத்தைத் தொடங்கி நடுவில் விட்டவர்கள், உடல் கெட்டவர்கள், திருமணத்துக்குப் பிறகு வராமல் போனவர்கள், முடித்தும் அதன்பின் ஒரு வரி எழுதப் பிடிக்காமல் போனவர்கள் ஆகியோரின் பெயர்கள் துறை அலுவலகத்தின் பதிவேட்டில், பதிவு ரத்து என்ற குறிப்போடோ வெறும் பட்டச் சான்றிதழ் எண்ணோடோ நிற்கின்றன. அந்தப் பெயர்களையும் எண்ணிவிட்டு வந்து தவத்தைப் பற்றிப் பேசட்டும். மார்கழியில் மாலைதோறும் சபாவுக்குப் போய்க் கச்சேரி கேட்டுக்கொண்டே, வைகுண்ட ஏகாதசிக்குள் மூன்றாம் சாப்டர் வேண்டும் என்று செய்தி அனுப்புபவர்கள் அதற்கு முன் போனை ஒருமுறை அணைத்துப் பார்க்கட்டும்.